ஈயோட பேரும் நரியோட வாலும்

காரைக்குடில ஒக்காந்துக்கிட்டு குர்து மக்களோட கொழந்தைக் கதைகளப் பத்தி எழுதுறியே ஒனக்கு வேற சோலி இல்லையான்னு எங்க அண்ணன் கேட்டாச்சு, அதனால அந்தக் கேள்விய வேற யாரும் புதுசா கேக்க வேணாம். கல்யாணத்துக்கு அப்புறம் கொஞ்ச வருஷம் நாங்க ஜெர்மனில இருந்தோம், ஸ்டுட்கார்ட் பக்கம். எதுத்த ஃபிளாட்டுல துருக்கியோட தென்கிழக்குல இருக்குற தியார்பகிர்லேர்ந்து வந்த ஒரு குர்து குடும்பம். (குர்துன்னா துருக்கி, ஈராக், ஈரான், சிரியான்னு நாலு நாட்டுலயும் பரவிக் கெடக்குற மக்கள்.) எந்தக் கடைல நல்ல கொத்தமல்லி கெடைக்கும், எந்த டாக்டர் பிள்ளைகள அதட்டாம பாப்பாருன்னு எல்லாம் எனக்கு சொல்லிக் குடுத்தது அந்த வீட்டு அக்காதான். அவங்க மாமியா ஊர்லேர்ந்து வந்தா மாசக்கணக்குல தங்குவாக. அந்தம்மாவுக்கு ஜெர்மன் சுத்தமா தெரியாது, துருக்கி மொழியும் கடைல பேரம் பேசுற அளவுக்குத்தான், வாயத் தொறந்தா குர்மாஞ்சிங்கிற குர்திஷ் மொழி வகைதான். எம் பொண்ணு அப்ப கிண்டர்கார்டன் போயிக்கிட்டு இருந்தா, அவளுக்கு தெரிஞ்சது தமிழும் கொஞ்சம் ஜெர்மனும். இவுக ரெண்டு பேரும் அப்படி என்னத்தத்தான் மணிக்கணக்கா பேசிக்கிறாகன்னு ஒரு நாள் எட்டிப் பாத்தா, பேச்செல்லாம் ஒண்ணுமில்ல, கதை ஓடிக்கிட்டு இருக்கு.

ஒரு கெழவி, ஒரு நரி. கெழவி ஆட்டுப்பால கறந்து வச்சுட்டு விறகு பொறுக்கப் போயிருக்கா, நரி வந்து பூராத்தையும் குடிச்சிருச்சு, கெழவி திரும்பி வந்து பாத்துட்டு ஒரே வெட்டா அதோட வால வெட்டிட்டா. நரி அழுவுது, ஆத்தா ஆத்தா வாலக் குடுத்தா, மொட்டையா போனா மத்த நரியெல்லாம் கேலி பண்ணும்ங்குது. எம் பாலக் குடு, ஒன் வால வாங்கிக்கங்குறா கெழவி. நரி ஆட்டுக்கிட்ட போனா ஆடு எல கொண்டாங்குது, மரத்துக்கிட்ட போனா மரம் தண்ணி கொண்டாங்குது, ஊத்துக்கிட்ட போனா ஊர்ப் பொண்ணுக வந்து எங்கரைல ஆடுனாத்தான் தண்ணிங்குது, பொண்ணுககிட்ட போனா கால்ல செருப்பில்லாம எப்படி ஆடுறதுங்குதுக, செருப்புத் தைக்கிறவரு முட்டை கேக்குறாரு, கோழி தானியம் கேக்குது. ஊருக்கு ஊர் இந்த வரிசை மாறுமாம், ஆர்மீனியா பக்கமும் இதோட அண்ணந்தம்பிக் கதைக இருக்கு, நான் சொல்றது எதுத்த வீட்டு மாமியா சொன்ன வரிசை. இதுல என்னன்னா ஒவ்வொரு எடத்துலயும் நரி நின்னு பழைய கதைய முழுசா ஒப்பிக்கணும், கோழி கோழி முட்டை குடு, முட்டைய செருப்புக்காரருக்கு குடுக்க, அவரு செருப்பு குடுப்பாரு, செருப்பப் பொண்ணுகளுக்கு குடுக்க, பொண்ணுக வந்து ஆடும், ஊத்து தண்ணி குடுக்கும், தண்ணிய மரத்துக்கு ஊத்த, மரம் எல குடுக்கும், எலைய ஆட்டுக்கு போட, ஆடு பால் குடுக்கும், பாலக் கெழவிகிட்ட குடுக்க, கெழவி எவ் வாலக் குடுப்பா. கடைசித் தடவ இத ஒரே மூச்சுல சொல்லணும், மூச்சு விட்டா தோத்தாப்புல. வால வெட்டுற எடம் வந்தா அந்தம்மா ரெண்டு வெரல கத்திரிக்கோலாட்டம் வச்சுக்கிட்டு எம் பொண்ணு சடை நுனிய கப்புன்னு புடிப்பாக, இவ ஒரு கத்து கத்துவா பாருங்க, கீழ் வீட்டுக்காரர் குச்சியால சீலிங்க தட்டுவாரு.

அன்னிக்கு ராத்திரி இவ எனக்கு அந்தக் கதைய பாதி தமிழ்லயும் பாதி அபிநயத்துலயும் சொல்லிக் காட்டுனா. கேட்டுக்கிட்டு இருக்கும்போதே எனக்கு எங்க ஆயா சொல்ற ஈ கதை ஞாபகம் வந்துருச்சு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், வீட்ட மொழுகிக்கிட்டு இருக்கும்போது ஒரு ஈக்கு தம் பேரு மறந்துபோகும், அது பறந்து பறந்து போயி ஒவ்வொருத்தர்கிட்டயா கேக்கும். கொழு கொழு கன்னே, கன்னோட தாயே, தாய மேய்க்கிற ஆயா, ஆயன் கைக் கோலே, கோல் இருக்குற கொடிமரமே, கொடிமரத்துக் கொக்கே, கொக்கு குளிக்கிற கொளமே, கொளத்து மீனே, மீன் புடிக்கிற வலையா, வலையன் கைச் சட்டியே, சட்டி பண்ற கொயவா, கொயவன் கை மண்ணே, மண்ணுல மொளச்ச புல்லே, புல்லத் திங்கிற குதிரையே, எம் பேரு என்ன? குதிரை ஈஈஈன்னு கனைக்கும், அட நாந்தான ஈன்னு அதுக்கு வெளங்கும். (ஆயன்னா மாடு மேய்க்கிறவுகன்னு எங்க வீட்டுப் பிள்ளை எதுக்கும் தெரியாது, எங்க பக்கம் அம்மாவப் பெத்தவுகதான் ஆயா, அதனால நம்ம ஆயா எப்ப மாடு மேச்சாகன்னு ஒவ்வொரு தலைமொறையும் தவறாம கேட்ருக்கு.)

இந்த மாதிரி சங்கிலிக் கதைகள சொல்றவுக ஒத்தையா சொல்லி முடிக்க முடியாது. மூணாவது கண்ணிலயே பிள்ளையும் கூடச் சேந்து சொல்ல ஆரம்பிச்சுரும், அஞ்சாவதுல அது முந்திக்கிட்டு ஓடும். எங்க ஆயா கொக்கையோ சட்டியையோ வேணுமுன்னே விட்டுட்டு தாண்டிப் போவாக. பிள்ளை முழிச்சிருந்தா சண்டைக்கு வந்துரும், ஆயா கொக்க விட்டுட்டீகன்னு. சத்தம் வரலைன்னா தூங்கிருச்சுன்னு அர்த்தம், கதைய அங்கயே நிறுத்திட்டு அவுக எந்திரிச்சு அடுப்படி வேலையப் பாக்கப் போயிருவாக. உம் கொட்டுறதுன்னு நாம சொல்றதெல்லாம் இந்த செக்கிங் வேலைதான். அந்தக் குர்து மாமியாவும் அதையேதான் செஞ்சாக, மரத்த விட்டுட்டு நேரா ஊத்துக்குப் போனாக, எம் பொண்ணு தமிழ்ல மரம் மரம்னு கத்துனா, அவுகளுக்குப் புரிஞ்சுச்சு.

இதுக்கப்புறம்தான் எனக்கு குர்து வாய்மொழி மரபப் பத்தி தேடிப் படிக்கிற பைத்தியம் புடிச்சுது. தேடுனா மொதல்ல வந்து நிக்கிறவங்க தெங்பேஜ்ங்கிற பாட்டுக்காரங்க. கைல வாத்தியம் பெரும்பாலும் இருக்காது, வெறும் தொண்டை, ஒரு கைய காதுக்கிட்ட வச்சுக்கிட்டு சண்டை, பகை, காதல், சாவு எல்லாத்தையும் மணிக்கணக்கா பாடுவாங்க. பத்தொன்பதாம் நூத்தாண்டுல எவ்தாலே ஸைனிகேன்னு ஒருத்தர், கண்ணு போயும் பாடுனவரு, இன்னிக்கும் அந்தப் பேரச் சொன்னா அங்க மரியாதை. நம்ம காலத்துக்குக் கிட்ட 1996ல எறந்த ஷாகிரோ. இப்ப தியார்பகிர் பழைய ஊருக்குள்ள 2007லேர்ந்து தெங்பேஜ்களுக்குன்னு ஒரு வீடே இருக்கு, கருங்கல்லு வீடு, நடுவுல முற்றம், வயசான மனுசங்க வரிசையா ஒக்காந்து ஒருத்தர் விட்ட எடத்துலேர்ந்து இன்னொருத்தர் எடுத்துப் பாடுறாங்க. வீடியோல பாத்தப்ப நம்ம செட்டிநாட்டு வீட்டு முற்றம், அதான் வளவு, அது மாதிரியே இருக்கேன்னு தோணுச்சு.

அவங்க பாட்டு தப்பிச்ச விதம் ஒரு பெரிய கதை. துருக்கில குர்திஷ் மொழிக்கு பல வருஷம் ஒவ்வொரு விதமா நெருக்கடி, 1983ல சட்டமே போட்டாங்க, அத 1991லதான் எடுத்தாங்க. க்யூ, டபிள்யூ, எக்ஸ் மூணும் குர்திஷ் எழுத்துல உண்டு, துருக்கி எழுத்துல கெடையாது, அந்த மூணு எழுத்தயும் வச்சு அரசாங்கப் பேப்பர்ல பேரு எழுத முடியாம 2013 வரைக்கும் இழுத்துச்சு. இந்தக் காலத்துல அவங்களுக்கு காது குடுத்தது ரேடியோ. ஆர்மீனியாவோட யெரெவான் ரேடியோ 1955லேர்ந்து குர்திஷ்ல ஒலிபரப்பு பண்ணுச்சு, எல்லைக்கு இந்தப் பக்கம் துருக்கில கதவச் சாத்திக்கிட்டு சத்தத்தக் கம்மியா வச்சுக்கிட்டு ஊரே கேட்டுச்சு. அதுல பாடுன பெரிய கொரல்கள்ல ஒண்ணு கராபேத்தே ஹாச்சோ, அவரு குர்தே கெடையாது, ஓட்டோமான் ஆட்சில 1915ல நடந்த ஆர்மீனியர் படுகொலைல குடும்பத்த எழந்த அனாதைப் பிள்ளை, குர்து ஊர்கள்ல வளந்து குர்திஷ்ல பாடி 2005ல யெரெவான்ல கண்ண மூடுனாரு. பொண்ணுக ஆம்பளைங்க முன்னாடி பாடக்கூடாதுன்னு கட்டுப்பாடு இருந்த காலத்துல மெரியம் ஹான் பாக்தாத் போயி ரேடியோல பாடுனாங்க. அப்புறம் கேசட் காலம், கைக்குக் கை மாறி காப்பி போட்டு காப்பி போட்டு.

நல்லாத்தான் இருக்கு, படிக்கப் படிக்க மெய் சிலிர்க்குது. ஆனா நான் தேடுனது நரி. ரேடியோல ஏறுனது, கேசட்ல ஏறுனது, அந்த வீட்டுல ஒக்காந்து பாடுறது எல்லாம் பெரியவங்களுக்கான சரக்கு, பெரும்பாலும் ஆம்பளைங்க கூடுற சபைல பாடுனது. நரி கதை சபைக்கு வந்ததே இல்ல. அது குளிர்கால ராத்திரில, அடுப்புப் பக்கத்துல, ஒரே போர்வைக்குள்ள நாலு பிள்ளைக காலு நீட்டிக்கிட்டுக் கெடக்கும்போது பாட்டி வாய்லேர்ந்து வந்தது. ஆர்மீனியாவுல ஜலீல் குடும்பத்து அண்ணந்தம்பி ரெண்டு பேரு ஊர் ஊராப் போயி பாட்டும் கதையும் சேத்து 1978ல மாஸ்கோவுல ரெண்டு தொகுதியா கொண்டுவந்தாங்க, பெரிய காரியம், அவங்க இல்லைன்னா நெறைய போயிருக்கும். அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1900கள் ஆரம்பத்துல, ஒஸ்கார் மான்னு ஒரு ஜெர்மன் அறிஞர் ஈரானோட மஹாபாத் பக்கம் போயி ரெஹ்மான்ங்கிற பாடகர ஒக்கார வச்சு பாடச் சொல்லி எழுதி எடுத்திருக்காரு. பாடுறவன நிறுத்தி நிறுத்தி எழுதுறது எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாக்குறேன், இவரு எழுதி முடிக்கிற வரைக்கும் அவரு அந்த அடிய புடிச்சுக்கிட்டே நிக்கணும்ல.

அது எப்படி இருந்திருக்கும்னு ஒரு மாதிரி எனக்குத் தெரியும். ஊர் திரும்புனதும் ஆர்வக் கோளாறுல ஆயாவ பட்டாலைல ஒக்கார வச்சு முன்னாடி ஃபோன நிறுத்தி கதை சொல்லுங்க ஆயான்னேன். அவுக மொகம் கழுவி, சீலைய சரி பண்ணி, நகையெல்லாம் போட்டுக்கிட்டு வந்து ஒக்காந்து, "முன்னொரு காலத்தில் ஒரு ஈ இருந்தது"ன்னு ரேடியோல செய்தி வாசிக்கிறாப்புல ஆரம்பிச்சாக. வீட்டுல அவுக இருந்ததுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. ரெண்டு நிமிசத்துல கதை முடிஞ்சுபோச்சு, போதுமாத்தான்னு எந்திரிச்சுட்டாக. அதே வாரம் மதியச் சாப்பாட்டுக்கப்புறம் எங்க சித்தி பேரன் அவுக மடில வந்து விழுந்தான், ஆயா விசிறிய எடுத்துக்கிட்டாக, அதே கதை அர மணி நேரம் ஓடுச்சு. கொளம் வந்த எடத்துல அந்தக் கொளம் நம்ம ஊருணி ஆயிருச்சு, ஊருணில எவன் முங்கிக் குளிச்சு செருப்பத் தொலச்சான்னு ஒரு கிளைக்கதை, மீனுக்கு அந்தப் பய அம்மான் பேரு, கொயவரு மானாமதுரைக்காரரு, கடைசில குதிரை ஐயனார் கோயில் மண்குதிரை. அவன் ஈஈஈன்னு கனைச்சான், இவுகளும் கனைச்சாக, பல்லு இல்லாத வாய்ல அந்த ஈ எப்படி வருதுன்னு பாக்கணும். ஃபோன் சார்ஜ்ல கெடந்துச்சு. ரெக்கார்ட் ஆகலையேன்னு எனக்கு வருத்தமே வரல, ரெக்கார்ட் ஆகியிருந்தாலும் அந்தப் பயல அவுக கேட்ட கேள்வியும் அவன் சொன்ன பதிலும் வேற ஒரு பிள்ளைக்கு என்னத்துக்கு ஆகும்?

நம்ம ஊர்ல சாமான் பாதுகாக்குறதுல நாம கெட்டிக்காரங்கதான், அத ஒத்துக்கணும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒத்தை ஆளா சேத்த புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் லட்சம் உருப்படிக்குக் கிட்ட, அவரு காலமானதுக்கப்புறம் 1994ல சென்னைல ஒரு ஆராய்ச்சி நூலகமே அதுலேர்ந்து உண்டாச்சு. ஆத்தங்குடிக் கல்லு, பர்மாத் தேக்குத் தூணு, எனாமல் தூக்குச் சட்டி எல்லாத்துக்கும் மதிப்புத் தெரிஞ்சுபோச்சு, முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனா நம்ம அப்பத்தா முறுக்குப் புழிஞ்ச கொழலக்கூட வெல வச்சு வித்துக்கிட்டு இருக்காக. காகிதத்துக்கும் மரத்துக்கும் ஆள் இருக்கு. தாலாட்டும் ஒப்பாரியும்கூட ஆச்சிமாருக பாடி அச்சுல ஏறியிருக்கு. ஈ கதை யாருக்கும் ஒரு பொருளாவே தெரியல.

இவ்வளவு படிச்சதுல எனக்கு ஒண்ணு தோணுச்சு, தப்பா இருந்தா விவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க. எந்தக் கதைக்கு ஒரு நாளு இருக்கோ அந்தக் கதை பொழச்சுக்குது. குர்து மக்களுக்கு மார்ச் 21 நவ்ரோஸ், அவங்க புத்தாண்டு, நெருப்பு மூட்டி அதச் சுத்தி ஆடுவாங்க. அன்னிக்கு கொல்லன் காவா கதை. தெஹாக்னு ஒரு கொடுங்கோல் ராசா, அவன் தோள் ரெண்டுலயும் பாம்பு மொளச்சிருக்கு, தெனம் எளவட்டப் பசங்க ரெண்டு பேரு மூளைய அதுக்குத் தீனியா போடணும். அரமணைச் சமையக்காரரு மனசு கேக்காம ஒருத்தன தப்ப விட்டுட்டு ஆட்டு மூளையக் கலந்து வைக்கிறாரு, தப்பிச்சவனெல்லாம் மலைக்கு ஓடுறான், அவங்க வம்சம்தான் குர்துகள்னு 1597ல எழுதுன அவங்க பழைய வரலாற்று நூல்லயே இருக்கு. பிள்ளைகளப் பறிகொடுத்த காவா கடைசில சுத்தியல எடுத்துக்கிட்டுப் போயி ராசாவ முடிச்சுட்டு மலை மேல தீ மூட்டுறாரு. (இந்த மூளை சமாச்சாரத்த எம் பொண்ணுகிட்ட சொல்லாதீங்கன்னு நான் கெஞ்சுனேன், அவளுக்கு அந்த எடம்தான் ரொம்பப் புடிச்சுது.) நவ்ரோஸ் கொண்டாடுனதுக்கே உயிர் போன வருஷமெல்லாம் உண்டு, ஆனாலும் காவா கதை தெரியாத குர்துப் பிள்ளைய நீங்க பாக்குறது கஷ்டம். வருஷா வருஷம் நெருப்பு எரியுது, பிள்ளை ஏன்னு கேக்குது, யாராச்சும் சொல்லித்தான ஆகணும்.

நம்ம நகரத்தாருக்குப் பிள்ளையார் நோன்பு அப்படித்தான். திருக்கார்த்திகைலேர்ந்து 21 நாளு கோடி வேட்டிலேர்ந்து நாளுக்கு ஒரு நூலா எடுத்து வச்சு, கடைசி நாளு அத்தனையும் திரியாத் திரிச்சு மாவுல வச்சு நெய்யூத்தி ஏத்தி, வீட்டுப் பெரியவுக கைல குடுக்க சொடரோட அப்படியே வாய்ல போட்டுக்கிறோம், இதத்தான் இழை எடுக்குறதுன்னு சொல்றது. நெருப்பத் திங்கச் சொன்னா எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்? ஏன் ஐயா 21, ஏன் நூலுன்னு கேக்கும், ஒடனே கப்பல்ல போன செட்டியாருக, கடல்ல புயலு, நாளு தெரியாம தவிச்சு வேட்டி நூல எடுத்து எண்ணுனாக, கரையேறுன அன்னிக்கு கைல இருந்த மாவ வச்சுப் பிள்ளையாருக்கு இழை எடுத்தாகன்னு ஒரு கதை வந்துரும். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கான்னு எங்க போனாலும் நாலு குடும்பம் கூடி இழை எடுத்துக்கிறாக, அதனால கதையும் கூடவே போகுது. ஈக்கு நாளும் கெடையாது கெழமையும் கெடையாது. அதுக்கு இருந்ததெல்லாம் தூக்கம் வராத ஒரு பிள்ளையும் வேலை முடிஞ்ச ஒரு கெழவியும் ஒரே பாய்ல படுத்திருக்குற ராத்திரி, அவ்வளவுதான். அந்த ராத்திரி போச்சுன்னா ஈயும் போச்சு.

குர்து ஊர்கள்ல அந்த ராத்திரிய அடிச்சே போக்குனாங்க. 1990கள்ல துருக்கியோட தென்கிழக்குல மூவாயிரத்துக்கும் கிட்ட ஊரும் குக்கிராமமும் காலியாச்சு, 1988ல ஈராக் பக்கம் சதாம் உசேன் அரசாங்கம் அன்ஃபால்ங்கிற பேருல ஊர் ஊரா அழிச்சுது. எதுத்த வீட்டு மாமியா அப்படி ஊர விட்டு வந்து தியார்பகிர்ல மூணாவது மாடிக்குக் குடி போனவுகதான். ஆட்டக் காட்டாம ஆட்டுக் கதை சொல்றது பெரும்பாடுன்னு மருமக வாயால எங்கிட்ட சொன்னாக. பேரப்பிள்ளைக்கு மரத்தடி ஊத்துன்னா என்னன்னே தெரியலையாம், பாட்டில் தண்ணியக் காட்டி இதுதான் ஊத்துன்னு சமாளிச்சிருக்காக. நம்ம ஊர்ல யாரும் யாரையும் வெரட்டல, நாமளா பூட்டிட்டுப் போனோம், கல்யாணம் காச்சின்னா தொறந்து கூட்டி விட்டுட்டு திரும்பப் பூட்டுறோம். ரெண்டயும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல, அப்படிச் சொன்னா அந்தம்மாவுக்கு அநியாயம் பண்ணுன மாதிரி ஆயிரும். பிள்ளை பக்கத்துலேர்ந்து பாத்தா மட்டும் கதை கேக்குற பாயி ரெண்டு எடத்துலயும் சுருட்டி வச்சாச்சு.

இன்னொரு விசயம், இது கொஞ்சம் காரமா இருக்கும். துருக்கில பள்ளிக்கூடம் துருக்கி மொழி, டிவி துருக்கி மொழி, அப்புறமும் பிள்ளைகளுக்கு குர்திஷ் எப்படி ஒட்டிக்கிட்டு வந்துச்சுன்னா பாட்டிக்கு துருக்கி மொழி தெரியாது. அவ்வளவுதான் ரகசியம். பாட்டிகிட்ட தின்பண்டம் வாங்கணும்னா குர்திஷ்ல கேட்டாத்தான் உண்டு. எங்க ஆயாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது, நாங்க பொழச்சோம். இப்ப எங்க வயசு அம்மாமாரு நாளைக்கு ஆயா ஆகும்போது பேரப்பிள்ளைகிட்ட கம் பேபி, ஈட் பேபின்னு நாமளே பேசுவோம், இப்பவே அப்படிப் பேசுற அப்பத்தாமாரு காரைக்குடில எத்தனை பேரு தெரியுமா, மருமக முன்னாடி கெத்து காட்டணும்ல.

குர்து மக்கள் ஒண்ணும் சும்மா இல்ல. சுவீடன்ல 1977லேர்ந்து வந்து குடியேறுன பிள்ளைகளுக்கும் தாய்மொழிப் பாடம் உண்டு, அந்த ஊருக்கு அகதியா போன எழுத்தாளருக 80கள்ல அரசாங்க ஒதவியோட குர்திஷ் சிறுவர் புத்தகம் போட்டாங்க, சொந்த ஊர்ல அச்சடிக்க முடியாதத அங்க பனில ஒக்காந்து அச்சடிச்சாங்க. துருக்கில 2012லேர்ந்து அஞ்சாம் வகுப்புலேர்ந்து குர்திஷ விருப்பப் பாடமா எடுக்கலாம். 2015ல தியார்பகிர்ல ஸாரோக் டிவின்னு பிள்ளைகளுக்கே ஒரு குர்திஷ் சேனல் ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் அவசரநிலை ஆணைல அதையும் மூடுனாங்க, கார்ட்டூன் சேனல மூடுறதுக்கு ஒரு ஆணை! கொஞ்ச மாசத்துல திரும்பத் தொறந்துச்சு. இன்னும் ரொம்பப் பின்னாடி போனா அஹ்மதே ஹானி, 1692ல மேம், ஸீன் காதல் கதைய காவியமா பாடுனவரு, அதுவும் ஊர்ல வாய்வழியா ஓடிக்கிட்டு இருந்த கதைதான். அந்தப் பெரியமனுசரு அதுக்கு முன்னாடி 1683லயே பிள்ளைகளுக்காக அரபி வார்த்தைக்கு குர்திஷ்ல அர்த்தம் சொல்லிப் பாட்டா ஒரு அகராதி கட்டிக் குடுத்திருக்காரு. பெரிய புலவருக்கு சின்னப் பிள்ளைக்குப் பாட்டுக் கட்டுறது கொறச்சலா தெரியல பாருங்க, இது எனக்கு ரொம்பப் புடிச்சுது.

எழுத்துலயும் ஒரு சிக்கல் இருக்கு அவங்களுக்கு. துருக்கிப் பக்கத்து குர்மாஞ்சிய லத்தீன் எழுத்துல எழுதுறாங்க, ஈராக், ஈரான் பக்கத்து சொரானிங்கிற இன்னொரு வகைய அரபு எழுத்துல. அந்தப் பக்கத்துப் பிள்ளை புத்தகத்த இந்தப் பக்கத்துப் பிள்ளை எழுத்துக்கூட்டக்கூட முடியாது. அவங்களுக்கு பொதுவா இருக்குறது நரியும் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் தேவுங்கிற பூதமும்தான். கதை ஆரம்பிக்கும்போது இருந்துச்சு இல்லாமலும் இருந்துச்சுன்னு சொல்லி, கேக்குறவங்களப் பெத்தவங்களுக்கு ஆண்டவன் அருள் கெடைக்கட்டும்னு ஒரு வாழ்த்துப் போடுவாங்களாம். நல்ல தந்திரம், இப்படி வாழ்த்துனதுக்கப்புறம் எந்த அப்பன் ஆத்தா வந்து மணி பத்தாச்சு படுன்னு அதட்டப் போறாக.

அதனால நான் ரெக்கார்டிங்க விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க, எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஆனா இப்ப ஆயா மடில ஒரு பிள்ளை இருந்தாத்தான் ஃபோன ஆன் பண்றது, அதுவும் அவுக கண்ணுல படாம அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னாடி வச்சு. கூடவே ஈக்கு ஒரு நாளு கண்டுபுடிச்சாச்சு. போன பிள்ளையார் நோன்பன்னிக்கு இழை எடுத்து முடிச்சு, பணியாரம், வடை எல்லாம் தின்னு, பெரியவுக வளவுல பங்காளி வழக்கப் பேச ஆரம்பிக்கிற நேரத்துல, பிள்ளைக எல்லாத்தையும் ரெண்டாங்கட்டுக்கு கூட்டிட்டுப் போயி ஜமுக்காளத்த விரிச்சுட்டோம். டீவி ரிமோட்ட எங்க அண்ணன் மடில கட்டிக்கிட்டாரு. மொதல்ல ஆயா ஈ, அப்புறம் எம் பொண்ணு நரி. பத்தாங்கிளாஸ் படிக்கிறா, கதையெல்லாம் சொல்ல மாட்டேன்னு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தவ, சித்தி பேரன் சடைய இழுத்ததும் சொல்ல ஆரம்பிச்சுட்டா, அவ சொன்னதுல ஊத்து ஊருணி ஆயிருச்சு, செருப்பு தைக்கிறவரு காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்திருந்தாரு, ஊர்ப் பொண்ணுக கும்மி அடிச்சாக.

நடுவுல ஒரு பெரிய தகராறு. தேவகோட்டைலேர்ந்து வந்திருந்த அயித்தை, ஈ கதைல கொளத்துக்கு அப்புறம் மீனு வராது, தவளைதான் வரும், அவுக அப்பத்தா அப்படித்தான் சொல்லுவாகன்னு ஆரம்பிச்சாக. தவளைய வலையன் ஏன்டி புடிக்கிறான்னு ஆயா கேக்க, அவன் புடிச்சா ஒங்களுக்கென்ன ஆச்சின்னு அயித்தை சொல்ல, பிள்ளைக ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு மீனு மீனு, தவளை தவளைன்னு கத்துனதுல வளவுல பங்காளி வழக்கு நின்னுபோயி ஐயா எந்திரிச்சு வந்துட்டாக. அடுத்த நோன்புக்கு அயித்தை அவுக ஊர்லேர்ந்து சாட்சிக்கு ஆள் கூட்டிட்டு வர்றாகளாம்.